அது குருவிச்சை இல்லை: நமது மரங்களில் வாழ்ந்த காற்றுச் செடியின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். வளவில் ஒரு பழைய மாமரமாவது நிற்கின்ற வீட்டார் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, பாடசாலையில் சிரமதானம். மூலையில் நிற்கும் கிழட்டு மாமரத்தைத் துப்புரவாக்கும் பொறுப்பு எங்கள் வகுப்புக்குக் கிடைத்தது. மரம் முழுக்கக் குருவிச்சை பிடித்திருந்தது. காய்ப்பும் குறைந்துவிட்டது. கொக்கத்தடி, ஏணி, கத்தி என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து, மரத்தில் வேறாகத் தெரிந்த எல்லாவற்றையும் இழுத்து விழுத்தினோம். இரண்டு மணித்தியாலத்தில் மரம் மொட்டையாகிவிட்டது. அதிபரும் வந்து பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்.

குப்பையை அள்ளும்போது ஒரு மாணவன் ஒரு செடியைத் தூக்கிக்கொண்டு வந்தான். தடித்த நீளமான இலைகள் இரண்டு பக்கமும் அடுக்காக இருந்தன. அடியில் பென்சில் மொத்தத்தில் வெள்ளை வெள்ளையாக வேர்கள் தொங்கின.

"ஸேர், இதுட வேரு மரத்துக்குள்ள போகல்லயே. மேலால ஒட்டிக்கிட்டுத்தானே கிடந்திச்சு. இதுவும் குருவிச்சையா?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. அன்று இரவு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் விளங்கியது: குருவிச்சையோடு சேர்த்து, குற்றமே செய்யாத இன்னொன்றையும் நாங்கள் வெட்டி விழுத்தியிருக்கிறோம். அந்தச் செடியின் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம்.

குருவிச்சை எது, காற்றுச் செடி எது?

குருவிச்சையை நாம் எல்லோரும் அறிவோம். மா, வேம்பு, பலா என்று எந்த மரத்திலும் ஏறும். பழத்தைத் தின்னும் சிறிய குருவிகள் பசை பிடித்த விதையைக் கிளையில் தேய்த்துவிட்டுப் போகும். விதை முளைத்ததும் அதன் வேர் பட்டையைத் துளைத்து மரத்துக்குள் இறங்கும். மரம் நிலத்திலிருந்து உறிஞ்சி எடுக்கும் தண்ணீரையும் உப்புச் சத்தையும் இது இடையிலேயே எடுத்துக்கொள்ளும். அதிகமாகப் பிடித்தால் கிளை பட்டுப்போகும். ஆகவே குருவிச்சையை வெட்டுவது சரிதான்.

மாணவன் கொண்டுவந்த செடி அப்படியானதல்ல. அது ஓர்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் வண்டா டெசலாட்டா. மரத்தை அது ஏறி நிற்கும் இடமாக மட்டுமே பயன்படுத்துகிறது. வேர் பட்டைக்கு மேலால் ஓடும், உள்ளே துளைக்காது. மழை, பனி, காற்றின் ஈரம், பட்டையில் வழிந்துவரும் தூசு, மக்கிய இலைத்துகள் ஆகியவைதான் அதன் சாப்பாடு. மரத்திலிருந்து ஒரு துளி சாற்றையும் எடுப்பதில்லை.

அந்த வெள்ளை வேரில் ஒரு விசயம் இருக்கிறது. வேரைச் சுற்றிக் கடற்பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. காய்ந்திருக்கும்போது அது வெள்ளியாகத் தெரியும். தண்ணீர் பட்டவுடன் சில விநாடிகளில் நீரைக் குடித்துப் பச்சையாக மாறும். உள்ளேயிருக்கும் பச்சையம் வெளியே தெரிவதால் வரும் மாற்றம் அது. இலையைப் போல அந்த வேரும் வெயிலில் உணவு செய்கிறது. குருவிச்சைக்கு இப்படி ஒரு வேர் கிடையாது. இரண்டையும் பிரித்து அறிய இதைவிட இலகுவான அடையாளம் வேண்டியதில்லை.

அறிஞர்களும் குழம்பினார்கள்

குழம்பியது நாங்கள் மட்டுமல்ல. இந்தச் செடியின் பெயருக்குள்ளேயே அந்தக் குழப்பம் இருக்கிறது.

ஒல்லாந்தர் காலத்தில் கொச்சியில் தளபதியாக இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீடே. மலபாரில் உள்ள செடிகொடிகளை உள்ளூர் வைத்தியர்களின் உதவியோடு எழுதி, படம் வரைவித்து, ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்ற பெயரில் 12 பாகங்களாக அம்ஸ்டர்டாமில் வெளியிடச் செய்தார். முதல் பாகம் 1678இல் வந்தது. கடைசிப் பாகம் 1693இல், அவர் இறந்த பிறகு வந்தது. மரத்தில் வாழும் ஓர்கிட்டுகள் அந்தக் கடைசிப் பாகத்தில் 'மரவார' என்ற பெயரோடு இருக்கின்றன. மலையாளத்தில் மரவாழ என்பார்கள். தமிழில் சொன்னால் மரவாழை. பொன்னிறமாகப் பூக்கும் ஒன்றுக்குப் 'பொன்னாம்பு மரவார' என்று பெயர் எழுதியிருக்கிறார்கள். அதையும் முன்பு வண்டா இனமாகவே எண்ணினார்கள். அதுவும் இலங்கையின் உலர்ந்த பகுதிகளில் வளர்கிறது.

மரவாழை என்ற பெயரில் எந்தப் பழியும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மரத்தில் இருக்கும் வாழை, அவ்வளவுதான். உள்ளூர் வைத்தியர்கள் அதைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள்.

1753இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைத்தபோது, மரத்தில் வாழும் ஓர்கிட்டுகளை எல்லாம் எபிடென்ட்ரம் என்ற ஒரே பெயரில் அடக்கினார். கிரேக்க மொழியில் 'மரத்தின் மேல்' என்று பொருள். அதிலும் தவறில்லை.

பிறகு 1795. நமக்கு எதிர்க்கரையான சோழமண்டலக் கரையில் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக வேலைசெய்தவர் வில்லியம் ரொக்ஸ்பர்க். உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு செடிகளை வரைவித்து, சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய பெரிய நூலை வெளியிட்டார். நமது செடியைப் படத்தோடு அதில் சேர்த்து 'டெசலாட்டா' என்று பெயர் வைத்தார். கட்டம் கட்டமாக ஓடு பதித்தது போன்றது என்று பொருள். பூவைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். மஞ்சளும் பச்சையும் கலந்த இதழில் மண்ணிறக் கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். நடுவில் ஊதா நிற உதடு. நல்ல வாசமும் உண்டு. மருதமுனைக்காரருக்கு வேறு உதாரணமே தேவையில்லை: தறியில் நெய்த கட்டம்போட்ட சாரனை நினைத்துக்கொள்ளுங்கள்.

வண்டா என்ற பெயர் கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சேர் வில்லியம் ஜோன்ஸ் வழியாக வந்தது. அவர் சமஸ்கிருதம் கற்றவர், பாரசீகமும் அறபும் தெரிந்தவர். உள்ளூர் வழக்கில் இருந்த சொல்லையே செடிக்குப் பயன்படுத்தினார். 1820இல் ரொபர்ட் பிரவுன் அதை அறிவியல் பெயராக நிலைநிறுத்தினார். ஆனால் சமஸ்கிருதத்தில் அந்தச் சொல் இன்னொரு மரத்தின் மேல் வளரும் எல்லாச் செடிக்கும் பொது. குருவிச்சை போன்ற ஒட்டுண்ணிக்கும் அதே சொல்தான். அந்தக் காலத்து ஐரோப்பிய நூல்கள் பலவும் இவற்றை ஒட்டுண்ணி என்றே எழுதின.

ஆக, பெரிய அறிஞர்களின் ஏட்டிலேயே இந்தச் செடி குருவிச்சையின் வரிசையில் நின்றிருக்கிறது. எங்கள் வகுப்பு கொக்கத்தடியோடு போனதில் என்ன ஆச்சரியம்?

தவறான பெயர் செடிகளைக் கொன்ற கதை

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள்.

இந்தியா, இலங்கை, பர்மா, தென்னமெரிக்கா என்று எல்லா இடங்களிலிருந்தும் கப்பல் கப்பலாக ஓர்கிட்டுகள் லண்டனுக்குப் போயின. பணக்காரர்களுக்கு அது ஒரு பைத்தியமாகவே இருந்தது. வெப்ப நாட்டுச் செடிகள் என்பதால் சூடும் புழுக்கமும் வேண்டும் என்று நினைத்தார்கள். கண்ணாடி வீட்டின் கதவுகளை அடைத்து நெருப்பு மூட்டினார்கள். மரத்தைத் தின்று வாழும் செடி என்று எண்ணி, உக்கிய மரத்தூளையும் மண்ணையும் சட்டியில் நிரப்பி அதற்குள் வேரைப் புதைத்தார்கள். செடிகள் ஆயிரக்கணக்கில் அழுகிச் செத்தன. இங்கிலாந்து ஓர்கிட்டுகளின் கல்லறை என்று அவர்களே சொல்லும் அளவுக்கு நிலைமை போனது.

1830களில் சாட்ஸ்வேர்த் மாளிகைத் தோட்டத்தின் பொறுப்பாளர் ஜோசப் பக்ஸ்டன் வேறு விதமாக வளர்த்தார். ஜன்னலைத் திறந்து காற்று வரவிட்டார். சூட்டைக் குறைத்தார். செடிகள் பிழைத்தன. வேருக்குத் தேவை மண் அல்ல, காற்று என்பதை அவர்கள் கற்க அத்தனை செடிகள் சாக வேண்டியிருந்தது.

அடுத்த பாடம் விதையைப் பற்றியது. ஓர்கிட்டின் ஒரு காயில் ஆயிரக்கணக்கான விதைகள் இருக்கும். தூசு போன்றவை. நெல்லுக்குள் அரிசி இருப்பது போல அவற்றுக்குள் உணவுச் சேமிப்பு இல்லை. அதனால் தூவினாலும் முளைப்பதில்லை. ஒரு வகைப் பூஞ்சணம் வந்து சேர்ந்து உணவு கொடுத்தால்தான் முளைக்கும் என்பதை 1899இல் பிரான்ஸ் நாட்டு நோவேல் பேர்னார்ட் கண்டுபிடித்தார். 1922இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்து லூயிஸ் நட்சன், சீனி கலந்த கூழில் பூஞ்சணம் இல்லாமலே முளைக்க வைத்தார். இன்று கடைகளில் விற்கும் ஓர்கிட்டுகளில் பல அந்த வழியில் ஆய்வுகூடப் போத்தலில் பிறந்தவை. காட்டில் அப்படியல்ல. இலட்சம் விதையில் ஒன்று சரியான கிளையில், சரியான பூஞ்சணத்தோடு சேர்ந்து முளைத்து, பூக்கும் வயதுக்கு வர வருடங்கள் பல ஆகும். நாங்கள் அதை விழுத்துவதற்கு எடுத்தது அரை நிமிடம்.

நமது ஊர்ப் பெயர்களில் நிற்கும் மரங்கள்

இனி நமது பக்கத்துக்கு வருவோம்.

இலங்கையின் தாவரங்களை எழுதும் வேலை பேராதனையில் நடந்தது. 1821இல் அங்கே தாவரவியற் தோட்டம் அமைந்தது. அதை ஆரம்பித்த அலெக்ஸாண்டர் மூன் 1824இல் இலங்கைத் தாவரங்களின் பட்டியலை வெளியிட்டார். 1880 முதல் 1896 வரை அங்கு பணிப்பாளராக இருந்த ஹென்றி டிரைமன் இலங்கைத் தாவரங்களுக்கான பெரிய கைநூலை எழுதினார். அதை முடிக்குமுன் இறந்துவிட, ஜோசப் ஹூக்கர் மீதியை முடித்தார். உலர் வலயத்துத் தாழ்நிலக் காடுகளில் நமது வண்டா வளர்வது அந்தக் காலத்திலேயே தெரிந்த விசயம். நமது கரையோரமும் அதற்கு மேற்கேயுள்ள காடும் அந்த உலர் வலயத்துக்குள்தான் வருகின்றன.

இந்தச் செடிக்கு வேண்டியது சொரசொரப்பான பட்டையுள்ள முதிர்ந்த மரம். காட்டுப் பாலை, வீரை, வீட்டு மாமரம் எல்லாம் அதற்கு ஏற்றவை. இப்போது நமது ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். மருதமுனை. சாய்ந்தமருது. அடுத்த பக்கம் ஆலையடிவேம்பு. ஒரு மருது சாய்ந்து நின்ற இடம் என்றுதான் சாய்ந்தமருதின் பெயருக்குப் பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். ஊருக்குப் பெயராகும் அளவுக்குப் பெரிய மரங்கள் இந்தக் கரையில் நின்றிருக்கின்றன. இன்று மருதமுனையில் பிறந்த பிள்ளையிடம் மருத மரம் எது என்று கேட்டால் காட்டத் தெரியாது. எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தோம். 34 பேரில் 2 பேருக்குத் தெரிந்திருந்தது. அவர்களும் வயலுக்குப் போகும் வாப்பாவோடு போய்ப் பார்த்தவர்கள்.

மரங்கள் ஒரே நாளில் போகவில்லை.

நமது மூத்தவாப்பாமார் மேற்கே வயலுக்குப் போனால் வாடியில்தான் படுப்பார்கள். பட்டிப்பளை ஆற்றோரத்துக் காடு அப்போது வயலுக்கு மிக அருகில் இருந்தது. சூடடித்து முடிந்து வண்டிலில் வரும்போது நெல்லோடு தேன், விறகு, கம்பு, சில வேளை வாசமாகப் பூக்கும் ஒரு செடியும் வரும். மூத்தம்மா அதை மாமரக் கிளையில் கட்டிவிடுவா. இப்படித்தான் கடற்கரைப் பக்கத்து வளவுகள் சிலவற்றுக்கு இந்தச் செடி வந்தது என்று வயதானவர்கள் எங்களிடம் சொன்னார்கள். பாடசாலை மாமரத்தில் இருந்ததும் அப்படி யாரோ கட்டியதாக இருக்கலாம்.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை வந்தது. அந்தப் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் கட்டினார்கள். அதனால் வயலுக்குத் தண்ணீர் கிடைத்தது, மறுக்கவில்லை. காணிகளைப் பற்றிய நீண்ட கவலைகளும் அதோடு வந்தன, அது வேறு கதை. காட்டைப் பொறுத்தவரை, குடியேற்றத்துக்கும் கரும்புக்கும் நெல்லுக்கும் பெரும் பரப்பு வெட்டப்பட்டது. முதிரை, பாலை, கருங்காலி என்று வைரம் பாய்ந்த மரங்கள் லொறி லொறியாகப் போயின. மரம் போனால் அதன் மேல் இருந்ததும் போகும். நீரேந்து பகுதியின் ஒரு பங்கு 1954இல் கல்லோயா தேசியப் பூங்காவாக ஆனதால் மிச்சம் கொஞ்சம் தப்பியது.

பிறகு யுத்த காலம். காட்டுப் பக்கம் போவது ஆபத்து. வாடியில் படுத்த தலைமுறையோடு காட்டு மரங்களின் பெயர்களும் மறக்கத் தொடங்கின.

பிறகு 2004 டிசம்பர் 26. அதைப் பற்றி நமது ஊருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. இலங்கையில் ஆகக்கூடுதலாக உயிர்கள் போனது நமது அம்பாறை மாவட்டத்தில்தான். 10,000 பேருக்கு மேல். வீட்டில் ஒருவரை இழக்காத குடும்பத்தைக் கரையோரத்தில் தேட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் மரத்தை யார் எண்ணுவார்? அப்போது நாங்கள் சிறுவர்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. அலைக்குத் தப்பி நின்ற மாமரங்களும் பலா மரங்களும் உப்புத்தண்ணீர் குடித்த மண்ணில் சில மாதங்களுக்குள் இலை கருகி நின்றபடியே பட்டன. தென்னைகள் தாக்குப் பிடித்தன. வீடு கட்டுவதற்காகப் பட்ட மரங்களை வெட்டினார்கள். கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள், பிறகு அந்தத் தூரத்தைக் குறைத்தார்கள். பல குடும்பங்கள் வளவும் கிணறும் விட்டுத் தொடர்மாடி வீடுகளுக்குப் போயின. மண் இல்லாத வீட்டில் மரம் எங்கே வைப்பது?

இன்று நமது ஊர்களில் பெரிய மரம் பார்க்க வேண்டுமென்றால் மையவாடிக்கும், பழைய பள்ளிவாசல் வளவுக்கும், பழைய பாடசாலைகளுக்கும்தான் போக வேண்டும். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை நாங்கள் செய்தது சின்னப் பிழையாக எங்களுக்குத் தெரியவில்லை.

பதினொரு செடிகள்

அடுத்த நாள் குப்பைக் குவியலைக் கிளறினோம். 11 செடிகள் கிடைத்தன. அவற்றில் 6 பிழைத்தன. 5 எங்கள் அறியாமையால் செத்தன. இரண்டைப் பூச்சட்டியில் மண்போட்டு நட்டோம், இங்கிலாந்துக்காரர் செய்த அதே தவறு. ஒரு மாதத்தில் வேர் கறுத்து அழுகியது. இரண்டு கிணற்றுச் சவர்த்தண்ணீரில் போயின. ஒன்று சித்திரை வெயிலில் கருகியது. இந்தச் சேதத்தில் கற்றதைத்தான் கீழே தருகிறோம். புத்தகத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறோம்.

1. மரத்தில் கட்டுவதானால் மா, வேம்பு போன்ற சொரசொரப்பான பட்டை நல்லது. கொய்யா பட்டை உரிக்கும், செடியும் சேர்ந்து கழன்றுவிடும். காலை வெயில் படும் கிழக்குப் பக்கமாகக் கட்டுங்கள். உச்சி வெயில் இலை நிழலில் வடிந்து வர வேண்டும்.

2. கட்டுவதற்குப் பருத்தித் துணிக் கீலம் நல்லது. எங்களுக்குத் தறிக் கழிவு நூல் கிடைத்தது. சில மாதங்களில் அது தானாக உக்கிப்போகும், அதற்குள் வேர் மரத்தைப் பிடித்துவிடும். கம்பி வேண்டாம், தண்டை வெட்டும்.

3. கட்டுவதற்கு நல்ல காலம் ஐப்பசி, கார்த்திகை. மாரி மழை முழுவதும் முன்னால் இருக்கிறது. தை பிறக்கும்போது புது வேர்நுனி பச்சையாகத் தெரியும்.

4. தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு: பலகைச் சட்டத்தால் செய்த சிறு கூடை அல்லது ஒரு பொச்சுமட்டைத் துண்டு போதும். பொச்சுமட்டையைச் சில நாட்கள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். கூடைக்குள் சிரட்டைக்கரியும் உடைந்த ஓட்டுத் துண்டும் கொஞ்சம் போடலாம். மண்ணும் சாணமும் வேண்டாம். வேர்கள் வெளியே தொங்கினால் உள்ளே திணிக்காதீர்கள், அவை காற்றுக்குத்தான் வருகின்றன. கிழக்குப் பார்த்த பல்கனியில் தொங்கவிடுங்கள்.

5. தண்ணீர் மழைநீராக இருந்தால் நல்லது. கடலோரக் கிணறுகள் சவர்த்தன்மை உள்ளவை, அதை ஊற்றினால் வேர்நுனி கருகும். வேர் வெள்ளையாக இருந்தால் தண்ணீர் கேட்கிறது, பச்சையாக மாறியதும் போதும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் கூடையில் இருப்பவற்றுக்குக் காலையும் பின்னேரமும் ஊற்ற வேண்டிவரும். மாரியில் ஒன்றும் தேவையில்லை. குருத்துக்குள் தண்ணீர் தேங்கி நின்றால் அழுகும், சரித்து ஊற்றிவிடுங்கள்.

6. கடற்காற்று நேரடியாக அடிக்கும் வீடுகளில் இலையில் உப்பு படியும். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

7. மரத்தில் உள்ளதற்கு உரம் வேண்டாம். கூடையில் உள்ளதற்குத் திரவ உரத்தைப் பக்கற்றில் சொல்லியிருக்கும் அளவில் காற்பங்காக்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை தெளித்தால் போதும்.

8. செடி நீண்டு வளர்ந்தால் மேற்பகுதியை 3 நல்ல வேர்களாவது இருக்குமாறு வெட்டித் தனியாகக் கட்டலாம். அடிப்பகுதி மீண்டும் தளிர்க்கும். அயலவருக்குக் கொடுக்க இதுதான் வழி.

இன்னொரு நன்மையும் உண்டு. அடியில் தட்டு வைக்கத் தேவையில்லை. தண்ணீர் தேங்காது, டெங்கு நுளம்புக்கு இடமில்லை. டெங்குப் பரிசோதனைக்கு வருபவர்களுக்கும் பயப்படத் தேவையில்லை.

கடையில் விற்கும் 'எயார் பிளான்ட்'

இப்போது முகநூலில் எயார் பிளான்ட் என்று ஒன்றை விற்கிறார்கள். சிறிய சாம்பல் நிறச் செடி, அல்லது தாடி மாதிரித் தொங்குவது. அதன் பெயர் டிலாண்ட்சியா. அன்னாசிக் குடும்பம், பிறந்த இடம் அமெரிக்கக் கண்டங்கள். அது இலையில் உள்ள நுண்ணிய செதில்களால் நீரைக் குடிக்கும். நமது வண்டா வேரால் குடிக்கும். இரண்டும் மண் கேட்பதில்லை.

அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. எலியாஸ் டிலாண்ட்ஸ் என்பவர் இப்போதைய பின்லாந்தில் துர்க்கு நகரத்தில் வைத்தியப் பேராசிரியர். இளமையில் ஸ்டொக்ஹோமுக்குக் கப்பலில் போனபோது கடல் நோயால் அவதிப்பட்டு, திரும்பும்போது கடலே வேண்டாம் என்று குடாவைச் சுற்றித் தரையால் வந்தாராம். இந்தச் செடிக்கும் தண்ணீர் பிடிக்காது என்று நினைத்த லின்னேயஸ் அவருடைய பெயரை அதற்கு வைத்தார். உண்மையில் அதற்கும் ஈரம் வேண்டும். காற்றைக் குடித்து வாழும் என்று நம்பித் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் உலர்ந்துவிடும். வாங்கியவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று தடவை நனைத்து, தலைகீழாகப் பிடித்து நீரை உதறி, நல்ல காற்றில் உலரவிடுங்கள்.

வாங்குவது தவறில்லை. நாங்கள் சொல்வது இதுதான்: வேறு கண்டத்துச் செடியைக் காசு கொடுத்து வாங்கிப் பல்கனியில் தொங்கவிடும் அதே நாளில், நமது சொந்தக் காற்றுச் செடியைக் குருவிச்சை என்று வெட்டிக் குப்பையில் போடுகிறோம். சிங்கப்பூரில் 1893இல் அக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்ணின் தோட்டத்தில் வந்த கலப்பு வண்டா 1981இல் அந்த நாட்டின் தேசிய மலரானது. நமக்கு அவ்வளவு பெரிய மரியாதை வேண்டாம். வெட்டாமல் விட்டால் போதும்.

நாம் கேட்பது

ஒன்று: மரம் துப்புரவாக்கும்போது வேரைப் பாருங்கள். பட்டைக்குள் இறங்கியிருந்தால் குருவிச்சை, வெட்டுங்கள். வெளியே வெள்ளையாக ஒட்டிக்கிடந்தால் கை வைக்காதீர்கள்.

இரண்டு: இந்தப் பதிவைப் பார்த்துவிட்டுக் காட்டுக்கு ஓடி பிடுங்கி வராதீர்கள். தேசியப் பூங்காக்களில் செடி பிடுங்குவது சட்டப்படி குற்றம். அதைவிட, அங்கே மிஞ்சியிருப்பதும் கொஞ்சம்தான். பட்டுப்போன மரத்திலோ வெட்டி விழுத்திய மரத்திலோ இருந்தால் உரியவரிடம் கேட்டு எடுத்துக் காப்பாற்றுங்கள். இல்லாவிட்டால் செடி வைத்திருப்பவரிடம் ஒரு துண்டு வாங்குங்கள்.

மூன்று: பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தாருக்கும். கட்டடம் எழுப்ப ஒரு பழைய மரத்தை வெட்டத் தீர்மானிக்கும் முன்பு, அந்த மரத்தின் வயதைக் கணக்கிடுங்கள். சுனாமியிலும் யுத்தத்திலும் தப்பிய மரம் அது. வெட்டாமல் வரைபடத்தைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று ஒரு தடவை கேளுங்கள். மரம் நடுவது ஸதகா என்று நமது பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். நட்ட மரத்தை நிற்க விடுவதையும் சேர்த்துப் படிப்பிக்க வேண்டும்.

பிழைத்த ஆறில் நான்கை அதே மாமரத்தில் திரும்பக் கட்டினோம். ஒன்று அலுவலக முன்றலில் பொச்சுமட்டையில் தொங்குகிறது. ஒன்றை அன்று கேள்வி கேட்ட மாணவனிடமே கொடுத்தோம். அவன் வீடு தொடர்மாடியில் மூன்றாம் மாடி. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறான். போன மாதம் படம் அனுப்பியிருந்தான்: பல்கனிக் கம்பியில் ஒரு பூங்கொத்து, 5 பூக்கள். "ஸேர், உம்மா வாசத்துக்குத்தான் எழும்பி வந்து பார்த்தா" என்று எழுதியிருந்தான். மாமரத்தில் உள்ளவை இன்னும் பூக்கவில்லை. வேர் மட்டும் நன்றாக ஓடியிருக்கிறது.

உங்கள் வளவில், உங்கள் ஊர் மையவாடியில், வயலோரத்தில் இந்தச் செடி இருந்தால் படத்தோடு பின்னூட்டத்தில் போடுங்கள். எந்த ஊர், எந்த மரம், யார் கட்டியது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். கட்டியவர்களின் பெயர் தெரிந்த மூத்தம்மாமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள்.